முன்னறைப் பள்ளிக்கூடம்

என் மகள் போன வாரம் போனில் ஒரு சங்கதி சொன்னாள். பேத்தியை இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லையாம். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறாளாம். "இதெல்லாம் இப்ப வந்த புதுசும்மா, உனக்குச் சொன்னாப் புரியாது" என்றாள். அடி போடி இவளே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "மணி கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டேன். "என்ன மணி?" என்றாள். சரி, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் சொன்னால் புரியும். நாமெல்லாம் முட்டி தேய்ந்து, மாத்திரை டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஆட்கள். நம் காலத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்றால் தறிக்குப் போகும், தீப்பெட்டி ஒட்டும், இல்லாவிட்டால் ஆடு பத்திக்கொண்டு போகும். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கையும் காலும் நன்றாக இருக்கிற பிள்ளை, பகல் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் தெருவே நின்று கேட்கும், "ஏட்டி, உனக்கு என்ன சீக்கு?" என்று. அப்படிக் கேட்கப்பட்டவள் நான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. நான் ஆறாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடத்தில் அப்பா ஐந்தாம் வகுப்பு வாத்தியார். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததும் ஆரம்பிக்கிற சத்தம் இருட்டினாலும் ஓயாது. புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால்தான் என்னமோ ஏதோ என்று பதறும்.

தம்பிக்கு வாய் திக்கும். எல்லா நேரமும் இல்லை. புறவாசலில் என்னோடு உட்கார்ந்து கதை அளக்கும்போது ஒரு தடங்கலும் இருக்காது. போதும்லே நிறுத்து என்று நானே சொல்ல வேண்டும். ஆனால் யாராவது எதிரே நின்று அவன் வாயையே பார்த்தால் தீர்ந்தது கதை. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. அதைப் பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்பு வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டார். பாடத்தில் முதல் வரியைத் திக்காமல் சொன்னால்தான் இறங்கலாம். காலையில் ஏறியவன் மத்தியானச் சோற்று மணி அடித்துத்தான் இறங்கினான். பையன்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்து, பிறகு சிரிக்கவும் அலுத்துப் போனார்களாம். மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் அப்பா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது. ஒரு வாத்தியார் வகுப்புக்குள் இன்னொரு வாத்தியார் நுழையக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அப்பா நுழையவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் தலைமையாசிரியரோடு வாய்ச்சண்டை போட்டு, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். "இனி எம் பிள்ளைகளுக்கு நானே பள்ளிக்கூடம்" என்று தெருவில் நின்று சொன்னார். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா! எங்க அப்பா மாதிரி யாருக்கு உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் ட்யூஷனும் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிற வேலையும் பார்த்துக்கொள்ளலாம், பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு என்பது அவர் திட்டம். தனித்தேர்வு எழுத வைத்தால் போச்சு.

புறவாசலில் வெயிலும் வேப்பமரமும் இருக்கும், அப்பா கதை சொல்வார், தம்பி சிரிப்பான் என்று நான் கனவு கண்டேன். நடந்தது வேறு.

முதல் வேலையாக அப்பா கரியையும் கோவை இலையையும் அரைத்து முன்னறைச் சுவரில் பூசினார். அறை முழுக்க அந்தப் பச்சை வாடை. அது காய்ந்ததும் கரும்பலகை ரெடி. பிறகு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு வந்தது. அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே! அடுத்த வீட்டுத் தறிக்காரர் முதல் மணிக்கே ஓடி வந்து, "சார், யாருக்கும் என்னமும் ஆயிட்டா?" என்று கேட்டார். "பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாச்சு" என்றார் அப்பா.

அவர் சும்மா சொல்லவில்லை. குளித்து, தலைவாரி, நான் ரிப்பன் கட்டி நீலப் பாவாடையும், தம்பி நீலக் கால்சட்டையும், மேலே வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் புறவாசல் வழியாக வெளியே போக வேண்டும். சந்து சுற்றி முன்வாசலுக்கு வர வேண்டும். "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்க வேண்டும். நம் வீட்டுக்குள்ளே நாமே! அப்பா நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்பார். கடவுள் வாழ்த்து உண்டு. இரண்டு பேர் சேர்ந்து பாட வேண்டும். தம்பி வாயை மட்டும் அசைப்பான். முன்னறையில் 'அப்பா' என்று கூப்பிடக் கூடாது. "இங்கன நான் சார். அங்கன அடுப்படில அப்பா. ரெண்டையும் குழப்பிக்கப்பிடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வகுப்புத் தலைவி நான்தான். சார் தண்ணீர் குடிக்கப் போனால், பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். யார் பேசுவார்கள்? தம்பியா? ஒரு நாளும் எழுத எனக்குப் பெயர் கிடைத்ததில்லை. அப்பா திரும்பி வந்து வெறும் பலகையைப் பார்த்து, "அமைதியான வகுப்பு" என்று பாராட்டுவார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை காலை வருகைப் பதிவுதான். அப்பா பெயர் கூப்பிடுவார். எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அடுத்து தம்பி. எழுந்து நிற்பான். உதடு குவியும். அவ்வளவுதான்.

அப்பா அடிக்க மாட்டார். கேலி பண்ண மாட்டார். பெஞ்சில் ஏற்ற மாட்டார். அவர் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று: காத்திருப்பார். முகத்தில் சிரிப்பு மாறாமல், கையைக் கட்டிக்கொண்டு, தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். "அவசரமே இல்ல. நமக்கு நாள் பூரா இருக்கு. மெதுவாச் சொல்லு" என்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பொறுமை இல்லாததால்தான் பிள்ளை கெட்டது, நம்மிடம் பொறுமை இருக்கிறது, அது போதும் என்று அவர் நம்பினார். அந்தப் பொறுமைதான் எங்களைக் கொன்றது. பக்கத்து வீட்டுத் தறி தடதடக்கும். சாத்தின ஜன்னல் இடுக்கு வழியாகப் பஞ்சுத் தூசி மிதந்து வரும். மூன்று பேரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்போம். அவன் மேல் உதட்டில் வேர்வை அரும்பும். டேய், சொல்லித் தொலைடா என்று எனக்கு உள்ளுக்குள் அலறும். உடனே பாவமாகவும் இருக்கும். பெஞ்சில் நிறுத்தினாலாவது மத்தியானச் சோற்று மணியில் இறக்கிவிடுவார்கள். இங்கே மணியும் அப்பா கையில்தான்.

கடைசியில் அவன் சொல்ல மாட்டான். அப்பா பெருமூச்சு விட்டு, "வரவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொள்வார். எதிரே இரண்டு முழ தூரத்தில் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறான்! "சொல்லாட்டா வரலைன்னுதான் அர்த்தம். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்பார். தம்பி மெல்ல உட்கார்ந்து, தன் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் வராதவனாகவே இருப்பான். கேள்வி அவனைத் தாண்டி என்னிடம் வரும்.

இப்படி ஒரு மாதம் போனதும் அப்பா என்னை அடுப்படிக்கு அனுப்பினார். "தம்பியோட அம்மாவை வரச் சொல்லு" என்றார். நான் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா புறவாசலில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. "என்ன கூத்துட்டி இது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

அப்பா எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், 'ங்க' போட்டுத்தான் சொன்னார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "நிக்கேன், சொல்லுங்க" என்றாள்.

"உங்க பையன் ஒரு மாசமா ஒழுங்கா வருகை குடுக்க மாட்டேங்கான். வீட்டுல நீங்க பேச்சுப் பழக்கம் குடுக்கணும். வீட்டுல எப்படிப் பேசுதான்?"

"வீட்டுலயா? என்கிட்டயும் அவன் அக்காகிட்டயும் நல்லாத்தான் பேசுதான்."

"அப்போ இங்கன ஏன் பேச மாட்டேங்கான்?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "எம் புருசன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன் சார். அவுகளுக்குத்தான் பிள்ளைய பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் செத்துவிட்டது. "பள்ளிக்கூட நேரத்துல குடும்பப் பேச்சு வேண்டாம்னு உங்கம்மாட்ட சொல்லு" என்றார். நான் போய்ச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா முன்னறைப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டாள். வீடு இரண்டாகிவிட்டது. முன்னால் பள்ளிக்கூடம், பின்னால் வீடு. எங்களுக்கு இரண்டிலும் நிம்மதி இல்லை.

என் கூட்டாளி ஒருத்தி உண்டு. அலுமினியப் பெட்டியை ஆட்டிக்கொண்டு எங்கள் ஜன்னல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். முதலில் நின்று "ஏட்டி, வாரியா?" என்று கூப்பிடுவாள். நான் கம்பிக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டுவேன். அப்புறம் கூப்பிடாமல் கையை மட்டும் காட்டினாள். அப்புறம் அதுவும் இல்லை. அவள் பெட்டிக்குள் பலப்பமும் டப்பாவும் உருளுகிற சத்தம் மட்டும் தெருவில் வந்து தெருவில் போகும். தறிச் சத்தத்துக்குள்ளும் அது எனக்குத் தனியாகக் கேட்கும். அழுகை அழுகையாக வரும். அந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அங்கே ஒரு வாத்தியாருக்கு நாற்பது பிள்ளை. அவர் கண் நம் மேல் விழாத நேரம் என்று ஒன்று உண்டு. இங்கே ஒரு சாருக்கு இரண்டே பேர்.

சிவகிரியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, ஒரு தடவை வந்தார். தாலுகா ஆபீசில் வேலை. நக்கல் பிடித்த மனுஷன். அப்பா அவரையே இன்ஸ்பெக்டராக உட்கார வைத்துவிட்டார். மாமாவும் விளையாட்டு என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். என்னிடம் நதிகளைக் கேட்டார், சொன்னேன். தம்பியிடம், "உம் பேரு என்னலே?" என்றார். தம்பி எழுந்து நின்றான். மாமா சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்தினார். அப்புறம் வேறு பக்கம் பார்த்தார். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மாமாவால் தாங்க முடியவில்லை. "அத்தான், போதும், உக்காரச் சொல்லுங்க. எனக்குத் தெரியாத பேரா?" என்றார்.

"அவன் சொல்லுவான், பொறுங்க."

"நீங்க அந்த ஸ்கூல விட்டு வந்துட்டியன்னு ஊரெல்லாம் பேசுதாவ. எங்க விட்டிய? தலையில தூக்கிட்டுல்லா வந்திருக்கிய!"

அப்பா போய் மணியை அடித்தார். மாமா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

இப்படியே ஆடி வந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உண்டா இல்லையா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், "விடுமுறை கிடையாது. சுற்றுலா" என்றார். அதாவது சீருடையில், வரிசையில், சாரோடு போய்த் தபசு பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுத வேண்டும். அம்மா நல்ல சேலை உடுத்திக் கிளம்பி நின்றாள். "இது பிள்ளைகளுக்கு மட்டும்" என்றுவிட்டார் அப்பா. அம்மா உள்ளே போனாள். நாங்கள் சந்து முனையைத் தாண்டும்போது ராட்டை சுற்றுகிற சத்தம் கேட்டது.

தபசுக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். பட்டிதொட்டியெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கும். வெயில் தாழ்கிற நேரத்தில் ரத வீதியில் எள் போட்டால் விழாது. மடியில் பருத்தியும் மிளகாய் வத்தலும் வைத்துக்கொண்டு, சப்பரத்தின் மேல் நேர்ச்சையாக வீசக் காத்து நிற்கிற சனம். அந்தக் கூட்டத்தில் எல்லாத் தகப்பனும் பிள்ளையைத் தோளில் தூக்கியிருந்தான். இல்லாவிட்டால் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அப்பா மட்டும், "வரிசை! ஒரு கை தூரம்! ஒருத்தரையொருத்தர் பிடிக்கப்பிடாது" என்றார். முன்னால் அப்பா, ஒரு கை தூரத்தில் நான், எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் தம்பி. முன்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுதந்திர தின ஊர்வலத்தில் அழைத்துப் போவார் இல்லையா, அதே மாதிரி.

சப்பரம் திரும்பியது. கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. மிளகாய் வத்தல் காட்டம் மூக்கில் ஏறித் தும்மினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் தம்பி இல்லை.

"சார்!" என்று அலறினேன். அப்பா திரும்பினார். அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தார். எனக்கு ஒரே எண்ணம்தான்: அவனால் பதிலுக்குக் கத்த முடியாது. பக்கத்திலேயே நின்றாலும் முடியாது. எவனாவது பிள்ளைபிடிக்காரன் தூக்கிக்கொண்டு போனால் ஒரு சத்தம் வராது. அப்பா என் கையைப் பிடித்திருந்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. ஒரு கை தூரமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

எவ்வளவு நேரம் அலைந்தோமோ, தெரியாது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. "வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை போட்ட ஒரு பையன் நம்ம பந்தல்ல இருக்கான். பேரு கேட்டாச் சொல்ல மாட்டேங்கான். ஏதோ பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்திருக்காவ போல. அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்க இருந்தாலும் வரணும்."

அப்பா ஓடினார். வேட்டி தடுக்க ஓடினார். செருப்பில் ஒன்று எங்கேயோ போயிற்று.

பந்தலில் மேசை மேல் தம்பியை உட்கார வைத்திருந்தார்கள். கையில் ஒரு கலர் பாட்டில், குடிக்காமல் பிடித்திருந்தான். மைக்கைப் பிடித்திருந்த அண்ணாச்சி துண்டால் வேர்வையைத் துடைத்தபடி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் வாத்தியாரா?"

"இல்ல, நான் தகப்பன். இவன் எம் பையன்" என்றார் அப்பா மூச்சு வாங்க. கையை நீட்டினார்.

அண்ணாச்சி கொடுக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. திருவிழாக் கூட்டத்தில் காதில் கிடக்கிற கடுக்கனுக்காகப் பிள்ளையைத் தூக்குகிறவன் உண்டு. "பொறுங்க. பிள்ளை சொல்லட்டும்" என்று தம்பியிடம் குனிந்தார். "ஏலே மக்கா, பயப்படாத. இவுக யாரு உனக்கு?"

தம்பி அப்பாவைப் பார்த்தான். தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். சீருடை போட்டிருக்கிறோம், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது, பிசகாகச் சொல்லிவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு சொன்னான். ஒரு திக்கு இல்லை, திணறல் இல்லை.

"சார்."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அந்தச் சொல் ரத வீதி முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

அப்பாவின் நீட்டின கை அப்படியே நின்றது. ஏழு மாதமாக அவன் வாயிலிருந்து ஒரு சொல் சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருந்த மனுஷன். வந்தது, கேட்டுக்கொண்டார்.

"சாருங்கான். நீங்க தகப்பங்கிய. பெத்தவுகளைக் கூட்டிட்டு வாங்க சார், தாரோம்" என்றார் அண்ணாச்சி. நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தன் அப்பா தோளில் கை வைத்தான். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறக்கிறார், உதடு துடிக்கிறது, சத்தம் இல்லை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீ யாரு பாப்பா? இவுக யாரு?"

நானும் சீருடையில்தான் இருந்தேன். "அப்பா" என்றேன். "எங்கப்பா. அவன் என் தம்பி." சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

"அக்காளுக்கு அப்பா, தம்பிக்கு சாரா? இது என்னவே கணக்கு?" என்று அண்ணாச்சி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. தம்பியை இறக்கி அப்பா கையில் கொடுத்தார். அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் இறக்கவில்லை. ஒரு காலில்தான் செருப்பு.

அம்மாவிடம் அப்பா எதையும் மறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று, "என்னைச் சாருன்னுட்டான்" என்றார். அம்மாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. "நீங்கதான அப்படிச் சொல்லச் சொன்னிய. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான்" என்றாள். அப்புறம் அவர் காலைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. எனக்குக் குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும், இல்லையா? அதுதான் இல்லை. நாங்கள் குளித்தோம், சீருடை போட்டோம், சந்து சுற்றி வந்து முன்னறையில் உட்கார்ந்தோம். யாரும் சொல்லவில்லை. வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் கிடையாது, எந்திரிச்சுப் போங்க" என்றார். தண்டனை என்று நினைத்துப் பயந்து நாங்கள் அசையவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். ஒரு நாள் புறவாசலில் அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, தம்பி போய் எதிரே நின்று சுண்டுவிரலை உயர்த்தினான். சொந்த வீட்டில், ஒண்ணுக்குப் போக! அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி நுரையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் அந்தப் பழக்கம் சுலபமாக விடவில்லை. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று "எங்க, நீ சொல்லு" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார். சாக்பீஸ் இல்லாத விரலைத் தேய்த்துக்கொண்டே நடப்பார். முன்னறைக்குப் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை. புறவாசலில் அம்மா வேலை செய்கிற இடத்தில் வந்து சும்மா உட்கார ஆரம்பித்தார். சும்மா உட்காருகிறவருக்கு அம்மா வேலை வைத்தாள். வளையமாகச் சுற்றி வருகிற நூல் கழியை அவர் இரண்டு கையிலும் மாட்டிவிட்டு, விரித்துப் பிடிக்கச் சொல்லி, ராட்டையில் இழுத்துச் சுற்றுவாள். "கையைத் தாழ்த்தாதிய, சிக்கிடும்" என்று அதட்டுவாள். அப்பா கையை உயர்த்திக்கொள்வார். நாங்களும் அங்கே போய் உட்காரத் தொடங்கினோம். படிப்பா? படித்தோம், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நான் தனித்தேர்வு எழுதித் தேறினேன். தம்பி கோயம்புத்தூரில் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். இன்றைக்கும் திக்குகிறான். திக்கிக்கொண்டே நாள் முழுக்கப் பேசுகிறான்.

ஆனால் தபசுக்கு அப்புறம் ரொம்ப நாள் அவன் அப்பாவை எப்படியும் கூப்பிடவில்லை. சாரும் இல்லை, அப்பாவும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பான். அப்பாவும் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டவர், அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவே இல்லை.

கார்த்திகை இருக்கும். மழை விட்டிருந்தது. அப்பா வழக்கம் போல நூல் கழியை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு நின்றார். அம்மா ராட்டையைச் சுற்றினாள். தம்பி அப்பாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பழைய குழல்களை அடுக்கி வண்டி விட்டுக்கொண்டிருந்தான். அப்பா இடுப்பில் வேட்டி கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்துகொண்டே வந்தது. நான் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து, "அ..." என்று கேட்டது.

"அ... அ..."

ராட்டை நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா திரும்பவில்லை. அவன் வாயைப் பார்க்கவில்லை. கழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அ... அப்பா. வே... வேட்டி அவுந்துட்டு."

"ஆமாலே மக்கா" என்றார் அப்பா. "எனக்குக் கை ஒழியல. நீயே கட்டி விடு."

தம்பி எழுந்து வந்தான். இரண்டு கையாலும் வேட்டியை இழுத்துப் பிடித்து, மூச்சைப் பிடித்து, அவர் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து கட்டினான். தப்பும் தவறுமாகத்தான் கட்டினான். அப்பா தாழ்வாரத்து ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணிலிருந்து வழிந்து தாடையில் சொட்டியது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை.